நூல் கற்பித்த பாடம்

“பதறிய காரியம் சிதறும்” என்பது பழமொழி. இதைச் சிறு வயது முதல் பலமுறை கேட்டிருக்கிறோம். தேர்வுத் தாளில் விரித்து எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். ஆனால் அதன் பொருளை எங்களுக்கு உண்மையாகக் கற்பித்தது ஒரு பாடநூல் அன்று. ஒரு கண்டு வெள்ளை நூலே!

எங்கள் கைவேலை வகுப்பு சனிக்கிழமை முற்பகலில் நடக்கும். காட்பாடி வெயிலைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஜங்ஷனில் வந்து நிற்கும் ரயில்களின் ஓசையைக் கேட்டுக்கொண்டே ஊசியும் நூலுமாக அமர்ந்திருப்போம். சென்ற ஆண்டு எங்களுக்குத் தையல் கற்பிக்க வந்த சிஸ்டர் குமரி மாவட்டத்து முளகுமூட்டைச் சேர்ந்தவர். எங்களை “மக்களே” என்றுதான் அழைப்பார். முதல் வகுப்பிலேயே அவர் வைக்கோல் அடைத்த உருண்டைத் தலையணை ஒன்றையும், ஒரு பை நிறைய மரக்குச்சிகளையும் மேசைமேல் வைத்தார். “இதுதான் ரேந்தைத் தலையணை. இவை பாபின்கள்” என்றார். தையல் மெஷினுக்குள் இருக்கும் வட்டமான பாபினை மட்டுமே அறிந்திருந்த நாங்கள் வியந்துபோனோம்.

ரேந்தையின் கதையையும் அவரே கூறினார். ஐரோப்பியப் பெண்களின் கைவேலையான இது, 1820-களில் நாகர்கோவிலில் மிஷன் பள்ளி நடத்திய மார்த்தா மால்ட் அம்மையாரால் அங்குள்ள சிறுமியருக்குக் கற்பிக்கப்பட்டது. அக்காலத்தில் திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. அது ஒழிந்தது 1855-இல்தான். அதற்கு முன்பே அடிமைக் குடும்பத்துப் பெண்கள் சிலர் ரேந்தை பின்னிச் சேர்த்த பணத்தால் தங்கள் விடுதலையை வாங்கினார்களாம்! மால்ட் தம்பதியரின் மகள் எலிசா, நம் தமிழாசிரியை அடிக்கடி குறிப்பிடும் கால்டுவெல் ஐயரை 1844-இல் மணந்து, திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில் இதே கலையைப் பரப்பினார். பெல்ஜியம் நாட்டு அன்னை மேரி லூயிஸ் தெ மெஸ்தர் 1897-இல் முளகுமூட்டுக்கு வந்தார். அங்குள்ள கன்னியர் மடத்திலும் ரேந்தை வளர்ந்தது. 1809-இல் ஹீத்கோட் என்ற ஆங்கிலேயர் வலை பின்னும் இயந்திரத்துக்கு உரிமை பெற்ற பின்னர் கைரேந்தை மெல்லக் குறைந்தாலும், இன்னும் அடியோடு மறையவில்லை.

முதல் மாதம் முழுவதும் சிஸ்டர் எங்களைப் பின்னவே விடவில்லை. நூல் சுற்று, அவிழ், மீண்டும் சுற்று. இதுவே வேலை. “இதென்ன பெரிய வித்தை?” என்று எங்களுக்குள் முணுமுணுத்தோம். ஆனால் செய்து பார்த்தபோதுதான் தெரிந்தது. பாபின்கள் எப்போதும் இரண்டிரண்டாகவே வேலை செய்யும். ஒரே நூலின் ஒரு முனையை ஒரு குச்சியிலும் மறுமுனையை இன்னொரு குச்சியிலும் பாதிப்பாதியாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் நடுவில் முடிச்சு இல்லாமல் குண்டூசியில் மாட்டித் தொங்கவிடலாம். சுற்று எப்போதும் ஒரே திசையில், நெருக்கமாக, ஒரே சீராக இருக்க வேண்டும். தளர்வாகச் சுற்றினால் மேல்நூல் கீழ்நூலுக்குள் புதைந்து அறுந்துவிடும். அளவுக்கு மீறிச் சுற்றினால் வழுக்கி விழும். கை ஈரமாக இருந்தால் வெள்ளை நூல் அழுக்காகும். சுற்றி முடித்ததும் குச்சியின் கழுத்தில் ஒரு சுருக்குப் போட வேண்டும். அந்தச் சுருக்குத்தான் நூலைத் தாங்குகிறது. நூல் நீளம் வேண்டுமென்றால் குச்சியைச் சாய்த்து மெல்ல உருட்டினால் போதும், நூல் இறங்கும்.

பின்னுவதற்கு அசைவுகள் இரண்டே இரண்டுதான். ஒன்று குறுக்கே மாற்றுவது, மற்றொன்று முறுக்குவது. ஒரு நேரத்தில் நான்கு குச்சிகள் மட்டுமே கையில் இருக்கும். மற்றவை தங்கள் முறை வரும்வரை பேசாமல் தலையணைமேல் காத்திருக்கும். வகுப்பில் அப்படிக் காத்திருக்கத் தெரியாத எங்களுக்கு அதைப் பார்க்கவே சற்று வெட்கமாக இருந்தது!

எங்களுள் ஒருத்தி மட்டும் முதல் நாளே அழகாகச் சுற்றினாள். அவள் குடியாத்தத்து நெசவாளர் வீட்டுப் பெண். விடுதியில் தங்கிப் படிப்பவள். “எங்க வீட்ல பாட்டி தார் சுத்தும், நான் கூட உக்காந்து பாப்பேன்” என்றாள். ஊடைநூலை ராட்டினத்தில் சுற்றி நாடாவுக்குள் வைப்பதற்குத் தார் என்று பெயர். அவளுடைய அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவர். ஆக, அந்த வீட்டில் மூன்று தலைமுறையும் நூல் சுற்றிப் பிழைப்பவர்கள்! டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாளுக்குப் பீடத்துணியின் கரைக்கு ரேந்தை பின்னும் பொறுப்பை சிஸ்டர் அவளிடமே கொடுத்தார். இருபத்துநான்கு ஜோடி பாபின்கள்.

நவம்பரில் ஒரு நாள் அவளை வீட்டார் அழைத்துச் சென்றனர். ஒரு வாரம் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று, அவள் வரவில்லை. திருநாள் நெருங்குகிறதே என்று நாங்கள் ஐவர் சிஸ்டரிடம் அனுமதி பெற்று அவளுடைய தலையணையில் அமர்ந்தோம். விரைவாக முடிக்க வேண்டுமென்ற ஆசை. தீர்ந்துபோன பாபின்களுக்குப் பேசிச் சிரித்துக்கொண்டே நூல் சுற்றினோம். மறுநாள் ஒரு நூல் நடுவிலேயே அறுந்தது. அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். புதுநூலைப் பழையதோடு சேர்த்துப் பிடித்துச் சில பின்னல்கள் இரண்டையும் ஒன்றாக ஓட்டி, பிறகே பழையதை வெட்ட வேண்டும். ஆனால் அதற்குப் பொறுமை ஏது? ஒரு முடிச்சைப் போட்டு, மேலே பின்னி மறைத்துவிட்டோம். சிஸ்டரிடம் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவள் தன் அப்பாவுடன் வந்தாள். பெட்டியை எடுத்துச் செல்லத்தான் வந்திருந்தாள். பாட்டி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டதாம். தார் சுற்ற ஆளில்லாமல் தறி நின்றுவிட்டதாம். “இவ வீட்ல இருந்தாத்தான் தறி ஓடும், சிஸ்டர்” என்றார் அப்பா தலையைக் குனிந்துகொண்டு. போகுமுன் அவள் தன் தலையணையைப் பார்க்க வந்தாள். ரேந்தைமேல் விரலை ஓட்டியவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். எங்களை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் திட்டியிருந்தால்கூட எங்களுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நாங்களே சிஸ்டரிடம் உண்மையைச் சொன்னோம். சிஸ்டர் கோபிக்கவில்லை. “முடிச்சு போட்டது ஐந்து பேர் என்றால் அவிழ்ப்பதும் ஐந்து பேர்தானே, மக்களே?” என்றார். ஆனால் பின்னோக்கி அவிழ்க்க அவளுக்குத்தான் தெரியும். கடைசி முறுக்கு முதலில், அதற்கு முந்தைய மாற்று அடுத்தது என்று, ஊசி ஊசியாகப் பிடுங்கி நாற்பத்தெட்டு குச்சிகளையும் வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும். அன்று மாலை வரை அவள் சொல்லச் சொல்ல நாங்கள் அவிழ்த்தோம். மூன்று விரற்கடை ரேந்தைக்கு நான்கு மணி நேரம்! அவளுடைய அப்பா வராந்தாவில் பொறுமையாகக் காத்திருந்தார்.

அப்போதுதான் எங்களுள் ஒருத்தி கேட்டாள்: “தார் சுத்த நாங்க வரலாமா, அப்பா?”

அப்பா சிரித்தார், சிஸ்டர் சிரிக்கவில்லை. எங்கள் பெற்றோரிடம் அனுமதி கேட்டு, அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சிஸ்டரே எங்களைக் குடியாத்தத்துக்கு ரயிலில் அழைத்துச் சென்றார். கட்டுப்போட்ட கையோடு திண்ணையில் இருந்த பாட்டி எங்கள் முதல் தாரைக் கையில் வாங்கிப் பார்த்தார். “என்னாம்மா கண்ணு இது, பூசணிக்காயா? வயிறு பொடச்சிருந்தா நாடாவுக்குள்ள சிக்கிக்கும்” என்றார். அதே பாடம்! சீராகச் சுற்று, ஒரே இழுப்பில் சுற்று, அவசரப்படாதே. மாலைக்குள் ஒரு கூடை தார் தேறியது. பாட்டியின் கை குணமாகும் வரை ஆறு ஞாயிறுகள் மாற்றி மாற்றிப் போனோம். வார நாட்களில் பக்கத்துத் தறிவீட்டு அக்கா ஒருவர் மாலையில் வந்து சுற்றிக்கொடுக்க ஒப்புக்கொண்டார். தறியும் ஓடியது, எங்கள் தோழியும் விடுதிக்குத் திரும்பினாள்.

அந்த ரேந்தை டிசம்பர் 8-க்கு முடியவில்லை. அன்று பீடத்தில் பழைய துணியே விரிக்கப்பட்டது. கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்குத்தான் புதியது ஏறியது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது ஒரு வெள்ளைக் கரை. எங்களுக்கோ அதன் ஒவ்வோர் அங்குலமும் தெரியும்.

அன்பான தங்கையரே! எந்த வேலையிலும் முதலில் நூலைச் சரியாகச் சுற்றுங்கள். யாரும் பார்க்காத இடத்தில் முடிச்சு போட மனம் தூண்டினால், ரேந்தைமேல் நின்ற அந்த விரலை நினைத்துக்கொள்ளுங்கள். தவறிவிட்டால் மறைக்காதீர்கள், வந்த வழியே திரும்பி அவிழுங்கள். நேரமாகும். ஆனால் உடன் அமர்ந்து அவிழ்க்கத் தோழியர் இருந்தால் அந்த நேரமும் இனிதே.

— பத்தாம் வகுப்பு மாணவியர் ஐவர்