சுவர் தாண்டும் இணைப்பு

தாணே கடற்கழிப் பாலத்தை ரயில் கடந்தால் வாஷி. அடுத்த நிலையம் சான்பாடா. மும்பையின் நெரிசலைக் குறைக்கத் திட்டமிட்டு எழுப்பப்பட்ட நவி மும்பையின் ஒரு பகுதி. இங்குள்ள அடுக்குமாடிகளில் குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். வை-ஃபை அலைகளுக்கு அந்தத் தடையும் கிடையாது.

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு பத்திரிகை, டிவி அலுவலகங்களுக்கு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. தடம் தேடிய போலீசார் வந்து நின்றது சான்பாடாவில், ஓர் அமெரிக்கரின் வீட்டு வாசலில். அவரது வை-ஃபை பாதுகாப்பின்றித் திறந்து கிடந்தது. யாரோ அதற்குள் புகுந்திருந்தார்கள். அவர் மீது குற்றம் சாட்டப்படவில்லை. ஆனால் விசாரணையிலிருந்து தப்ப முடியவில்லை.

2009 ஜனவரியில் மும்பை போலீசார் லேப்டாப்பும் கையுமாகத் திறந்த இணைப்புகளைத் தேடிக் கிளம்பினார்கள். பூட்டச் சொன்னது சரிதான். பூட்டாதவர் மட்டும்தானா பொறுப்பு?

பக்கத்து வீட்டு இணைப்பில் சினிமா பார்ப்பவர் பயங்கரவாதி அல்ல. ஆனாலும் அவர் செய்வதெல்லாம் இணைப்புக்குச் சொந்தக்காரர் கணக்கிலேயே பதிவாகிறது. அரைக் கிண்ணம் சர்க்கரைக்குக்கூட அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பது அடுக்குமாடி வழக்கம். கேட்காமல் இணைப்பை எடுப்பவர், அடுத்தவர் பெயரையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்.