அம்மம்மா ஏன் பட்டியலின் அடியில் இருந்தா?

போன மாதம் ஒரு தம்பி எனக்கு எழுதியிருந்தான். "அக்கா, யூனியில ஏஐ படிக்கப் போறன். எனக்குக் கணக்கு நல்லா வரும். அது காணுமோ?"

"காணும்" என்று பதில் எழுதத் தொடங்கினேன். முடிக்க மனம் வரவில்லை. அவனுக்கும், அதே கேள்வியோடு இருக்கும் உங்களுக்கும் என் வேலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் எஞ்சினியரிங்கில் மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு ஐடி ஆலோசகராக வேலை செய்கிறேன். அலுவலகங்களில் குவிந்து கிடக்கும் தரவுகளை எடுத்து, அவர்கள் முடிவெடுக்க உதவும் கருவிகளைச் செய்து கொடுப்பது என் வேலை. அந்தக் கருவி தானாக முடிவெடுக்காது. யாரை முதலில் பார்க்கலாம் என்று ஒரு பட்டியல் தரும், அவ்வளவுதான். ஆனால் பட்டியலில் நூறு பேர் இருந்து, இருபது பேரைப் பார்க்க மட்டுமே ஆள் இருந்தால், இருபத்தோராவது ஆளின் கதி என்ன? உண்மையில் முடிவை எடுத்தது பட்டியல்தான்.

சில வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் ஒரு நகரசபைக்காக வேலை செய்தேன். தனியாக வாழும் முதியவர்களில் யாருடைய வீட்டுக்குப் பராமரிப்பு ஊழியர் முதலில் போக வேண்டும் என்று கணிக்கும் மொடல் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

ஒரு மொடலைப் பழக்குவது, பழைய பரீட்சைத் தாள்களை விடைகளோடு ஒரு பிள்ளைக்குக் கொடுப்பது போன்றது. விடை எது என்று நாங்கள்தான் காட்ட வேண்டும். 'இவருக்கு உதவி தேவை' என்று எந்தத் தரவிலும் ஒரு நிரல் இருக்கவில்லை. உதவி இலக்கத்துக்கு ஒருவர் வருடத்தில் எத்தனை முறை அழைத்தார் என்ற நிரல் இருந்தது. அதிகம் அழைப்பவருக்கு அதிகம் தேவை இருக்கும் என்று நினைத்து, அதையே விடையாக வைத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. சோதித்துப் பார்த்தபோது மொடல் மிக நன்றாகக் கணித்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்தச் சனிக்கிழமை லண்டனில் அம்மம்மா வீட்டுக்குப் போனேன். அம்மம்மாவுக்கு அப்போது 81 வயது. நீரிழிவு இருக்கிறது, தனியாகத்தான் இருக்கிறா. தேத்தண்ணி கொண்டுவந்தபோது முழங்கையில் ஒரு கறுத்த காயம் தெரிந்தது.

"இது என்ன அம்மம்மா?"

"அதோ? பாத்ரூமில வழுக்கிப் போட்டுது பிள்ளை. ரெண்டு கிழமை இருக்கும். பிறகு எழும்பிட்டன்தானே."

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்கு வேலை. ஏன் கரைச்சல்?"

"உதவிக்கு எடுக்க ஒரு நம்பர் இருக்கெல்லோ?"

"எடுத்தா ஒரு பொம்பிளை இங்கிலிசில ஒண்டை அமத்து, ரெண்டை அமத்து எண்டு சொல்லிக்கொண்டிருப்பா. நான் என்னத்தை அமத்துறது?"

நான் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது சிரிப்பு போய்விட்டது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரு கற்பனை ஆளை மொடலுக்குக் கொடுத்துப் பார்த்தேன். வயது 81, தனி வாழ்க்கை, நீரிழிவு, ஆங்கிலம் பேச வராது, இதுவரை அழைப்புகள் 0. பட்டியலின் அடியில் போய் நின்றது அந்தப் பெயர். மொடலின் கணக்கில் அம்மம்மா சுகமாக இருக்கிறா.

என் கணக்கில் பிழை இல்லை, கேள்வியில்தான் பிழை. யாருக்கு உதவி தேவை என்று கேட்பதாக நினைத்துக்கொண்டு, யார் தொலைபேசி எடுப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். சோதனையில் நல்ல மார்க் வந்ததும் இதனால்தான். சோதனைத் தாளின் விடைகளும் அதே பிழையான நிரலில் இருந்து வந்தவைதானே!

இப்படி ஒன்று பெரிய அளவில் ஏற்கெனவே நடந்திருந்தது. 2019இல் 'சயன்ஸ்' இதழில் ஒரு ஆய்வு வந்தது. எழுதிய நால்வரில் ஒருவர் செந்தில் முல்லைநாதன், தமிழ்நாட்டில் ஒரு கிராமத்தில் பிறந்து சின்ன வயதில் அமெரிக்கா போனவர். அமெரிக்க மருத்துவமனைகளில், யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று சொல்லும் ஒரு மென்பொருளை அவர்கள் ஆராய்ந்தார்கள். அதற்கு இனம் பற்றிய தகவலே கொடுக்கப்படவில்லை. ஆனாலும் அதே புள்ளி பெற்ற வெள்ளையரை விடக் கறுப்பினத்தவர் கூடுதல் நோயோடு இருந்தார்கள். காரணம், மென்பொருள் நோயை அளக்கவில்லை, மருத்துவச் செலவை அளந்தது. மருத்துவம் எளிதில் கிடைக்காதவருக்குச் செலவும் குறைவு. செலவு குறைவு என்றால் நோய் குறைவு என்று அது எடுத்துக்கொண்டது. இந்தப் பிழையைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்புப் பெறுவோரில் கறுப்பினத்தவரின் பங்கு 17.7 சதவீதத்தில் இருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று ஆய்வு காட்டியது. மென்பொருள் செய்தவர்களோடு சேர்ந்து, செலவோடு உடல்நிலையையும் கணிக்கும்படி மாற்றிப் பார்த்தபோது பாகுபாடு 84 சதவீதம் குறைந்தது.

அந்தக் கட்டுரையையும் என் கற்பனை ஆளையும் எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போனேன். 'நான் செய்தது பிழை' என்று தொடங்குவது லேசாக இருக்கவில்லை. "சோதனை முடிவு நன்றாக இருக்கிறதே, இப்போது ஏன் இது?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது, ஒப்படைக்க இரண்டு கிழமைதான் இருந்தது. அம்மம்மாவின் முழங்கையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நகரசபையோடு கதைப்போம் என்றார்.

வீடு வீடாகப் போகும் ஊழியர்களிடமும் கேட்டோம். முதல் நாளே ஒருவர் சொன்னார், "அழைக்காத வீடுகள்தான் எங்களுக்குப் பயம்." அதுவரை அவர்களிடம் யாரும் கேட்டிருக்கவில்லை. அழைப்புகளை விட்டுவிட்டு, விழுந்து மருத்துவமனைக்குப் போனது போன்ற நிகழ்வுகளை விடையாக வைத்தோம். வேலை தாமதமானது. புதிய மொடலின் மார்க்கும் முதலாவதை விடக் குறைவுதான். ஆனால் அந்தக் கற்பனை ஆள் பட்டியலில் மேலே வந்தார். விழுந்தும் யாரிடமும் சொல்லாதவர்களை அந்த மொடலுக்கும் தெரியாது. அதை அறிக்கையில் எழுதியே கொடுத்தேன்.

ஆகவே தம்பி, கணக்கு கட்டாயம் வேண்டும். நன்றாகப் படி. ஆனால் ஒரு தரவு கைக்கு வந்தால், கோட் எழுத முன் இரண்டு கேள்வி கேள். இந்த நிரல் உண்மையில் எதை அளக்கிறது? இதில் பதிவாகாமல் போனவர் யார்? இரண்டாவது கேள்விக்கு விடை கணினியில் இருக்காது. எங்களில் பலருக்கு அந்த ஆள் வீட்டிலேயே இருக்கிறார். சின்ன வயதில் அவர்களின் கடிதங்களை வாசித்துக் காட்டி, டொக்டரிடம் மொழிபெயர்த்து வளர்ந்தவர்கள்தானே நாங்கள்.

அம்மம்மாவுக்கு இப்போது கழுத்தில் மாட்டும் அவசர பட்டன் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அவ அதைச் சாமிப்படத்து ஆணியில் பத்திரமாகத் தொங்கவிட்டிருக்கிறா. இன்றுவரை ஒருமுறையும் அமத்தவில்லை. தரவைப் பார்த்தால் அவவுக்கு ஒரு குறையும் இல்லை. அதனால் ஒவ்வொரு சனியும் நான் நேரில் போய்ப் பார்க்கிறேன்.