கவலையும் ஐயமும்

‘கவலை’ என்னும் சொல்லுக்குக் கவர்த்த வழி, அஃதாவது இரண்டாகவும் பலவாகவும் கிளைத்துப் பிரியும் பாதை, என்றொரு பழம் பொருள் உண்டு. வழிச்செல்வோன் அங்கு நின்று எத்திசையிற் செல்வதென மயங்குவான். மனத்துயரையும் அச்சொல்லே குறித்தல் எத்துணைப் பொருத்தம் என்பதை நான் அகராதியினாலன்றி அநுபவத்தினாலேயே அறிந்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் என் தாயாரின் கழுத்திலே சிறு கட்டியொன்று தோன்றிற்று. வைத்தியர்கள் அதிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினர். முடிவு வர இரண்டு வாரங்கள் ஆகும் என்றனர். நான் பல்கலைக்கழக விடுதியில் இருந்தேன், பரீட்சையும் அண்மித்திருந்தது. இரவுதோறும் என் மனம் கவர்வழியில் நின்றது. நோய் கொடியதாயின் வீட்டை யார் பார்ப்பர்? படிப்பை நிறுத்துவதா? தம்பியின் கதி என்ன? ஒவ்வொரு வினாவும் மேலும் இரண்டாகக் கிளைத்தது.

செபிக்க முயன்றேன், சொற்கள் நாவிலேயே உலர்ந்தன. சிறுவயது முதல் ஞாயிறு பாடசாலையிற் பயின்றவன் நான். ஆயினும், ‘கேட்பவர் ஒருவர் உளரோ?’ என்னும் ஐயம் அப்போது எழுந்தது. அவ்வையத்தினும் கொடிய அச்சமொன்று அதனைத் தொடர்ந்தது. நம்பிக்கையற்ற என் செபத்தை இறைவன் புறக்கணித்து, அதன் பயனை என் தாய் அநுபவிக்க நேருமோ என்று அஞ்சினேன். நோயுற்றவர் அவர், குற்றவாளி நான் என்று எண்ணினேன்.

இதனை முதிய போதகர் ஒருவரிடம் கூறியபோது, அவர் என்னோடு வாதிடவில்லை. மாற்கு நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தை வாசிக்குமாறு மட்டும் சொன்னார். நோயுற்ற மகனை இயேசுவிடம் கொணர்ந்த தந்தை ஒருவனின் வரலாறு அங்கு உளது. தான் நம்புவதாக அவன் கதறுகின்றான். அதே மூச்சில் தன் அவநம்பிக்கையை நீக்க உதவுமாறும் இரக்கின்றான். பாதி ஐயம் கலந்த அச்செபத்தை இயேசு தள்ளிவிடவில்லை. சிறுவன் நலம் பெற்றான்.

தமிழில் ‘ஐயம்’ என்பது சந்தேகத்தை மட்டுமன்றிப் பிச்சையையும் குறிக்கும். அத்தந்தையின் ஐயத்தில் அவ்விரு பொருளும் கூடிநிற்பதைக் கண்டேன். அவன் தன் சந்தேகத்தை மறைக்கவில்லை. அதனையே பிச்சைப் பாத்திரமாக ஏந்தி நின்றான். நானும் அன்றிரவு அவ்வாறே செபித்தேன். நம்புவதாக நடிக்கும் சுமை நீங்கியது. பல நாட்களின் பின் உறங்கினேன்.

யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரம் கூறும் தோமாவின் கதையும் அப்போது புதுப்பொருள் தந்தது. உயிர்த்த ஆண்டவரைக் கண்டதாகப் பிறர் கூறியதை ஏற்க மறுத்த அவர், எட்டு நாட்களின் பின்னரும் அவர்களோடு ஒரே வீட்டில் இருந்தார். ஐயுற்றவர் விலகிச் செல்லவில்லை. ஐயுற்றவரை மற்றையோர் விலக்கவுமில்லை. அவ்விடத்திலேயே அவருடைய ஐயம் தீர்ந்தது. ஆதலால் நானும் மாலைதோறும் மாணவர் செபக் கூட்டத்துக்குச் சென்றேன். நான் வாய் திறவாது அமர்ந்திருந்தேன். பிறர் எனக்காகவும் செபித்தனர்.

1660இல் பெட்போர்ட் சிறையில் அடைக்கப்பட்டுப் பன்னீராண்டுகள் வரை அங்கு வாடிய ஜோன் பனியன், 1678இல் வெளிவந்த தம் மோட்சப் பயண நூலிலே ஐயக் கோட்டை ஒன்றைப் படைத்துள்ளார். எளிய வழியை நாடிப் பாதை பிரிந்த பயணிகள் இருவர் அங்குச் சிறைப்படுகின்றனர். பூட்டைத் திறக்கும் திறவுகோல் அவர்களுள் ஒருவனின் மார்பிலேயே இருந்தது. வாக்குறுதி என்பது அதன் பெயர். அந்நூலைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தைத் தமிழுக்குத் தந்தார். திறவுகோல் தம்மிடம் இருப்பதை மறந்து அவர்கள் சிறையிற் கிடந்த அந்நாட்களே என்னை மிகவும் தொட்டன.

முடிவு வந்தது. புற்றுநோய்தான். தொலைபேசியில் நான் பேச்சற்று நின்றபோது, “இன்றைக்கு வைத்தியர் சொன்னதைச் செய்வோம், பிள்ளை. நாளையதை நாளைக்குப் பார்ப்போம்” என்றார் அம்மா. மலைப் பிரசங்கத்தின் பொருளை அவர் சமையலறை மொழியிற் சொல்லிவிட்டார். நாளைக்காகக் கவலைப்படாதே என்னும் அப்போதனை, துன்பமே வாராது என்று உறுதி கூறவில்லை. அந்தந்த நாளுக்கு அதனதன் பாடு உண்டென்றே கூறுகின்றது.

சத்திரசிகிச்சை நடைபெற்றது. அம்மா இன்று நடமாடுகின்றார். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்கின்றோம். ஒவ்வொரு முறையும் அதற்கு முந்திய இரவில் அக்கவர்வழி மீண்டும் என் முன் தோன்றுகின்றது. விசுவாசம் அதனை அழித்துவிட்டது என்று நான் சொல்லேன். எல்லா வழிகளையும் ஓரிரவிலேயே நடந்து முடிக்க வேண்டியதில்லை என்பதையே அது எனக்குக் கற்பித்தது. விடிந்ததும் அம்மாவின் வைத்தியசாலைக் கொப்பியை எடுத்துக்கொண்டு அவருடன் புறப்படுகின்றேன். அன்றைக்கு எனக்குக் கொடுக்கப்பட்ட வழி அதுவே.