போதுமான பெருக்கம்

நாஞ்சில் நாட்டினின்று திருவனந்தபுரத்தில் குடியேறிய என் தந்தையார் சேர்த்துவைத்த செல்வம் இசைத்தட்டுகளே. இவ்வூர் இசைக் கல்லூரியின் முதல்வராக விளங்கிய செம்மங்குடி சீனிவாச ஐயரின் பாட்டில் அவருக்கு அளவற்ற பற்று. அவர் மறைந்தபின் அத்தட்டுகளை மீண்டும் கேட்க அன்னையார் விரும்பினார்.

வால்வுகளின் செவ்வொளியில் மயங்கி ஒரு முன்பெருக்கியை வாங்கினேன். குமிழை முற்றும் திருப்பியும், குரல் கிணற்றடியிலிருந்து வருவதுபோல் மெலிந்தே ஒலித்தது. அன்னையார் ஒன்றும் கூறாமல் எழுந்து சென்றார்.

கணக்கிட்டபோதுதான் என் பிழை புலப்பட்டது. ஊசிமுனைக் காந்தம் தருவது ஏறத்தாழ 5 மில்லிவோல்ட். அடுத்துள்ள பெருக்கிக்கு வேண்டுவதோ 1 வோல்ட். ஆகவே 200 மடங்கு பெருக்கம் வேண்டும். நான் வாங்கியது 10 மடங்கே தருவது. 2 வோல்ட் தரும் குறுவட்டுக் கருவிக்கு அதுவே மிகை. மேலும், இசைத்தட்டில் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்தவற்றைக் கூட்டியும் பதிப்பர். 1954இல் அமெரிக்க இசைத்தட்டு உற்பத்தியாளர் வகுத்த முறை அது. அதனை நேர்செய்யும் அமைப்பும் என் கருவியில் இல்லை.

அவ்வமைப்புடன் 100 மடங்கு தரும் இசைத்தட்டு முன்பெருக்கியை அதற்கு முன்னே இணைத்தேன். மொத்தம் 1000 மடங்கு. மிகுதியைக் குமிழ் அடக்கிற்று. அதற்கும் மேல் நாடுவது இரைச்சலையே வளர்க்கும். வாங்க எண்ணும் அன்பர்கள் அழகைப் பின்னர் நோக்குக. கணக்கை முன்னர் நோக்குக.

அன்று மாலை பாட்டு எழுந்தது. "கொஞ்சம் குறைச்சு வை, மக்களே, பக்கத்திலேதானே பாடுகிறார்" என்றார் அன்னையார்.