ஆடி தவறிய அவரை

புரட்டாசி பிறந்துவிட்டால், வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்களிடமிருந்து தவறாமல் ஒரு கேள்வி வரும். ‘ஆடியில் அவரை ஊன்ற முடியவில்லை. இப்போது ஊன்றினால் காய்க்குமா, இல்லை அடுத்த ஆடி வரை காத்திருக்க வேண்டுமா?’ கேட்பவர்களில் பலருக்குக் காத்திருப்பது பெரிய விஷயமில்லை. கடையில் விதை பாக்கெட் கிடைக்கும். இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம்.

திருவாரூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் ஐம்பத்தெட்டு வயது அம்மாள் ஒருவருக்கு அப்படி விட முடியவில்லை. அவர் வீட்டு அவரைக்கு ரகப் பெயர் கிடையாது. பட்டையான காய், ஓரத்தில் ஊதாக் கோடு. ஊரில் ‘ஊதாக்காய்’ என்றே சொல்வார்கள். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது பந்தல் தரையோடு படுத்துவிட்டது. சேற்றில் கிடந்த கொடிகளில் ஒன்றை மட்டும் அவர் கணவர் தூக்கிக் கிணற்றுச் சுவரில் ஏற்றிக் கட்டினார். அந்த ஒரு கொடியில் எடுத்த விதைதான் அதன்பிறகு ஆண்டுதோறும் ஆடியில் மண்ணுக்குப் போய், மாசியில் பாட்டிலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

கணவர் வைகாசிக் கடைசியில் இறந்துபோனார். ஆடி முழுக்க யாரும் கொல்லைப்பக்கம் போகவில்லை. புரட்டாசி முதல் வாரம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது ஹார்லிக்ஸ் பாட்டில் கையில் பட்டது. அடியில் மாவு மாதிரித் தூள். உள்ளே வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. வழக்கமாக அவர் விதையைக் காயவைத்து, வெந்நீர் அடுப்புச் சாம்பலில் புரட்டித்தான் மூடுவார். இந்த முறை உடம்பு முடியாமல் அப்படியே போட்டு வைத்திருக்கிறார். பயறு வண்டுக்கு அதுவே போதும்.

எண்ணிப் பார்த்ததில் 61 விதை. தண்ணீரில் போட்டார். துளை விழுந்தவை மிதந்தன, 38. அடியில் தங்கியவை 23. அடுத்த ஆடி வரை வைத்தால் அந்த 23-ல் எத்தனை மிஞ்சும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

தெருவில் சொன்னவர்கள் எல்லாரும் ஒரே பழமொழியைத்தான் சொன்னார்கள். ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்பது மழையை மட்டும் நம்பியிருக்கும் மானாவாரிக்காரனுக்கு உயிர்ச்சொல். கிணறும் குடமும் உள்ள கொல்லைக்கு அது நல்ல யோசனை, அவ்வளவுதான். மகன் திருப்பூரிலிருந்து போனில், “அம்மா, அவரை கிலோ நாப்பது ரூவாய்க்குக் கெடைக்குது. மழை நாள்ல கொல்லையில வழுக்கி வுழுந்து வெக்காத” என்றான். அதுவும் நியாயம்தான்.

இங்கே அவரையின் குணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய பந்தல் அவரைகள் பெரும்பாலும் பகல் பொழுதின் நீளத்தைப் பார்த்துப் பூப்பவை. காவிரிப் படுகையில் ஆனி மாதத்துப் பகலுக்கும் மார்கழி மாதத்துப் பகலுக்கும் ஒன்றேகால் மணி நேரம் அளவுக்கு வித்தியாசம் உண்டு. பகல் சுருங்கினால்தான் இந்தக் கொடிக்குப் பூக்கும் நினைவே வரும். ஆடியில் ஊன்றினால் நான்கைந்து மாதம் இலையும் கொடியுமாய் ஓடிப் பந்தலை மூடிவிட்டுப் பிறகு பூக்கும். புரட்டாசியில் ஊன்றினாலும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் பூக்கும், ஆனால் கொடி சின்னதாக இருக்கும். பூக்காமல் போவதில்லை, கொடிக்குக் காய் குறையும். ஆக, தாமதமாக ஊன்றுகிறவர் இடைவெளியைக் குறைத்து, கொடிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். கோ 14 போன்ற குத்து அவரை ரகங்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். அவை எந்தப் பட்டத்திலும் காய்க்கும். அந்த அம்மாளிடம் இருந்தது குத்து அவரை இல்லை.

23 விதையையும் ஆறு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து வைத்தார். மூன்றாம் நாள் 19-ல் முளை எட்டிப் பார்த்தது. முளைத்ததை நேரே தரையில் போடாமல் கொட்டாங்குச்சிகளில் அடியில் ஓட்டை போட்டு, மண்ணும் எருவும் நிரப்பி, திண்ணையில் வரிசையாக வைத்தார். மழைக்காலத்துக்கு முன் இதுவே நல்ல வழி. தரையில் விதைத்தால் ஒரு பெருமழைக்கு விதை மண்ணுக்குள் புதைந்து அழுகும். திண்ணையிலும் இரண்டை நத்தை தின்றுவிட்டது. ஈரச் சாக்கில் பப்பாளி இலையைப் போட்டுச் சுவரோரம் வைத்தால் இரவில் நத்தைகள் அதனடியில் வந்து சேரும். காலையில் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டுவிடலாம். அதை அவர் செய்தது இரண்டு கன்று போனபிறகு.

பந்தல் அவரைக்கு ஓரடி ஆழக் குழி எடுக்கச் சொல்வதுதான் வழக்கம். டெல்டாக் களிமண்ணில் புரட்டாசியில் குழி எடுத்தால் ஐப்பசியில் அது குட்டை. எனவே குழிக்குப் பதிலாக மேடு. முழங்கால் அளவு உயரத்துக்கு, இரண்டடி அகலத்தில், வாய்க்கால் மணலும் மக்கிய எருவும் கலந்து கரை கட்டினார். ஒரு கூடை எருவில் 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, ஈரமாக்கி, ஒரு வாரம் நிழலில் மூடிவைத்து, அதையே மேட்டின் மேல் பரப்பினார். கணவர் வைத்த காலத்தில் பந்தலுக்கு நான்கு கொடிதான். இப்போது மூன்றடிக்கு ஒன்றாக 17 கன்று. ஆறடிப் பந்தல் வேண்டாம் என்று நாலடியில் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டினார். கொடி குட்டையாகத்தான் வரும், காற்றுக்கும் தாங்கும், அவர் கைக்கும் எட்டும்.

கூடவே கத்தரி நாற்று விட்டார், தென்னங்கீற்றுத் தடுப்பின் கீழ். முப்பது, முப்பத்தைந்து நாளில் பிடுங்கி நடலாம் என்பதால் பெருமழை ஓய்ந்த இடைவெளிக்குச் சரியாக இருக்கும். தெருவில் வந்த வண்டிக்காரரிடம் ஐப்பசியில் தக்காளி நாற்று வாங்கினார். அது அவசரம். ஒரே வாரத்தில் தண்டடி கருகி எல்லாம் சாய்ந்தது. பொன்னாங்கண்ணியும் கொடிப்பசலையும் யாரும் கவனிக்காமலே செழித்தன. மழை மாதத்துக்கு வீட்டில் கீரை வேண்டுமென்றால் அரைக்கீரையோடு போராடாமல் இந்த இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். அந்த வருடமும் அப்படித்தான். முதல் இரண்டு மழையை மேடுகள் தாங்கின. ஐப்பசி நடுவில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. கொல்லையில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது, வடிய இடமில்லை.

இடம் முன்பு இருந்தது. கொல்லையின் ஈசானிய மூலையிலிருந்து கொழுந்தனார் மனை வழியாக ஒரு வடிகால் வாய்க்காலுக்குப் போகும். கொழுந்தனார் வீடு கட்டியபோது சவுடு அடித்து மனையை உயர்த்தினார். வடிகால் மூடிப்போயிற்று. அதில் ஆரம்பித்த வேலித் தகராறில் அண்ணனும் தம்பியும் மூன்று வருடம் பேசவில்லை. கணவர் ஒவ்வொரு மழைக்கும் வாளியில் இறைத்துக் கொட்டினாரே தவிர, போய்க் கேட்கவில்லை. டெல்டாக் கிராமங்களில் வடிகால் பிரச்சினை என்று சொல்லப்படுவதில் மண்ணின் குற்றம் பாதிதான். மீதி பங்காளிகளுடையது. அதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் பரிந்துரை இல்லை.

இரண்டாம் நாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தார். கீழ்ப்பக்கத்து ஐந்து மேடுகள் முழுகியிருந்தன. அவரை வேர் இரண்டு நாள் தண்ணீரில் நின்றால் அழுகத் தொடங்கும். குடையை எடுத்துக்கொண்டு கொழுந்தனார் வாசலில் போய் நின்றார். கருமாதிக்குப்பின் அந்தப் படியில் ஏறுவது அதுதான் முதல் தடவை.

“தம்பி, அந்த மூலையில வெட்டி வுட்டாத்தான் தண்ணி போவும். உங்க அண்ணன் போட்ட அவரை முழுகுது.”

“அந்த ஊதாக்காயா அண்ணி?”

“ஆமா.”

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். சவுடை வெட்டிப் பழைய தடத்தைக் கண்டுபிடிக்க நடுராத்திரி ஆகிவிட்டது. மழை விட்டதும் அந்த இடத்தில் நாலு அங்குல பிவிசி குழாயைப் புதைத்து மேலே மூடினார்கள்.

முழுகிய ஐந்தும் பிழைக்கவில்லை. மீதி 12-ல் இலை வெளிறியிருந்தது. தண்ணீர் வடிந்த மறுநாளே ஈரத்தில் மிதித்து மண்ணைக் கொத்தக் கூடாது. மேல்மண் பொருக்குத் தட்டும்வரை பொறுத்து, களைக்கொத்தால் லேசாகக் கிளறி மண் அணைத்தார். லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா கலந்து இருமுறை தெளித்தார். கார்த்திகைக் கடைசியில் கொடிகள் கயிற்றைப் பிடித்துவிட்டன. மார்கழி பத்துக்கு மேல் முதல் பூங்கொத்து. பனி இறங்கியதும் அசுவினி வந்தது, அவரைக்கு அது வராத வருடம் கிடையாது. மொய்த்த நுனிகளைக் கிள்ளி எறிந்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் அடித்தார்.

முதல் காய்கள் பொங்கலை ஒட்டி முற்றத் தொடங்கின. இறப்பு நடந்த வருடம் என்பதால் அந்த வீட்டிலும் கொழுந்தனார் வீட்டிலும் பொங்கல் இல்லை. பொங்கல் குழம்புக்கு என்று பறிக்க ஆளில்லாத அந்த முதல் காய்கள் அப்படியே கொடியில் நின்றன. விதைக்கு வேண்டியதும் அவைதான். நோயில்லாத கொடியில், நடுப்பாகத்தில், முதலில் திரண்ட காய். பெரும்பாலான வீடுகளில் நல்ல காயைத் தின்றுவிட்டுக் கடைசியில் சூம்பியதை விதைக்கு விடுவார்கள். தலைமுறைக்குத் தலைமுறை விதை சிறுத்துப்போவதற்கு அது ஒரு காரணம். அதன்பின் வந்த காய்களைப் பறித்து இரண்டு வீட்டிலும் பொரியல் செய்தார்கள். கொடிக்குக் காய் குறைவுதான். ஆனால் மாசி வரை வாரம் இருமுறை வாணலியில் விழுந்தது.

மாசியில் காய்கள் கொடியிலேயே சருகாகிச் சலசலத்தன. உரித்து, முறத்தில் இரண்டு நாள் காயவைத்து, பல்லால் கடித்துப் பார்த்தார். பதியாமல் ‘டக்’கென்று உடைந்தது. இனிப் பாட்டிலுக்குப் போகலாம். சாம்பல்தான் இல்லை. சமையல் கேஸில், வெந்நீர் அடுப்பு வைகாசியிலிருந்து எரியவில்லை. கொழுந்தனார் வீட்டில் ஹீட்டர்.

அன்று சாயங்காலம் கொல்லையில் கிடந்த தென்னம்பாளையும் மட்டையும் பொறுக்கி வந்து வெந்நீர் அடுப்பை மூட்டினார். விடியற்காலையில் ஆறிய சாம்பலைச் சலித்து விதையில் புரட்டி, மூன்று பாட்டிலில் நிரப்பினார். ஒன்று அலமாரிக்கு. ஒன்று கொழுந்தனார் வீட்டுக்கு. மூன்றாவதைத் திருப்பூருக்குப் போகும் பையில், முறுக்கு டப்பாவுக்கு அடியில் வைத்தார்.