கியர் பொக்ஸுக்கு வொரண்டி உண்டு, கிளச்சுக்கு இல்லையாம்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்தும் என்ன, புதியதற்கு எங்கள் சம்பளம் எட்டாது. லீசிங் போட்டுப் பாவித்த ஜீப் ஒன்றை எடுத்தோம். "எஞ்சின், கியர் பொக்ஸ் ஆறு மாதம் வொரண்டி" என்று பில்லிலேயே எழுதித் தந்தார்கள்.

இரண்டாம் மாதம், உம்மாவைக் கண்டி கிளினிக்குக்குக் கூட்டிப் போகும் வழி. கடுகண்ணாவ ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் ஊர்ந்தபோது வண்டி உதறியது. கியர் பொக்ஸ் சூடு என்று டாஷ்போர்ட் கத்தியது. அரை மணி நேரம் ஓரத்தில் நின்றோம்.

விற்றவர் ஆறிய வண்டியை ஓட்டிப் பார்த்து, "ஒன்றுமில்லையே சேர், அடுத்த கிழமை வாங்க" என்றார். அப்படியே மூன்று தடவை. கராஜ் நானா ஸ்கேன் போட்டு, டபுள் கிளச் தேய்ந்திருக்கு என்று எழுதித் தந்ததும் பேச்சு மாறியது. கிளச்சும் பிரேக் பேட் மாதிரித் தேயும் சாமானாம், வொரண்டிக்குள் வராதாம். மிதிக்கப் பெடலே இல்லாத வண்டி இது! கிளச்சைப் பிடிப்பதும் விடுவதும் கியர் பொக்ஸின் கம்பியூட்டர். நாங்கள் எப்படித் தேய்ப்பது?

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்தோம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். "அடுத்த கிழமை"களில் அது முடியப் பார்த்தது. 87 ஆம் நாள் கொடுத்தோம். விசாரணைத் திகதி இன்னும் வரவில்லை. லீசிங் தவணை வந்துவிட்டது. உம்மா பஸ்ஸில் போகிறார்.

இந்த மாதம் வண்டி எடுக்க இருப்பவர்கள், பில்லில் "கிளச் உட்பட" என்று எழுதுவித்து எடுங்கள்.