கடலில் விட்ட கிதாபுகள்

 

உங்கள் இல்லத்துப் பரண் மீதோ பழைய இரும்புப் பெட்டியிலோ அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்றேனும் இருக்கிறதா? இராயபுரத்தில் எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் பதினேழு இருந்தன. இன்று எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. மற்ற பதினாறும் போன விதத்தை இதுவரை நான் வெளியில் சொன்னதில்லை.

அரபுத்தமிழ் என்றால் என்னவென்று இளைய தலைமுறையினர் கேட்கக்கூடும். மொழி நம் தாய்த்தமிழ். எழுத்து மட்டும் அரபி. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக அரபி எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் புதிய எழுத்துகளை உண்டாக்கிக் கொண்டார்கள். பள்ளிக்கூடப் படியை மிதிக்காத பெண்கள்கூட, குர்ஆன் ஓதப் பழகியிருந்த ஒரே காரணத்தால், மார்க்கச் சட்டங்களைத் தாமே படித்தறிந்தனர். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் எழுதிய ‘மகானி’ அத்தகைய நூல். மஃரிபுக்குப் பின் நன்னி அதை உரக்கப் படிப்பார்கள். துறைமுகத்துக் கப்பல் சங்கொலி எழுந்தால் சற்று நிறுத்தி, அது அடங்கியபின் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

1998 பிப்ரவரியில் கோவையில் குண்டுகள் வெடித்தன. உயிரிழந்தோருக்காகக் கலங்கிய அதே வேளையில், தாடியும் தொப்பியும் வைத்த ஒவ்வொருவரும் தம்மை யாரோ உற்று நோக்குவதாக உணர்ந்த நாட்கள் அவை. என் அத்தா துறைமுகத்தில் சரக்கு மூட்டைகளை எண்ணிக் கணக்கெழுதும் டாலி கிளார்க். உடன் வேலை செய்த ஒருவர், “பாய், உங்க வீட்ல அரபியில நிறைய புஸ்தகம் இருக்காமே?” என்று ஒரு நாள் கேட்டிருக்கிறார். கள்ளமில்லாத கேள்வியாகவே இருந்திருக்கும். அன்றிரவு அத்தா உறங்கவில்லை.

“யாராவது வந்து பார்த்தால் இது தமிழ்தான் என்று எப்படி நம்ப வைப்பது? படித்துக் காட்டினாலும், நாமே மாற்றிப் படிப்பதாக அல்லவா நினைப்பார்கள்?” என்று அம்மாவிடம் கேட்டார்கள். அம்மாவிடம் விடை இல்லை. மறுநாள் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் கிதாபுகளைச் சாக்கில் கட்டி, சைக்கிளின் பின்னால் வைத்து, திருவொற்றியூர்ப் பக்கம் கடலரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டியிருந்த கரைக்குச் சென்றார்கள். கிழிந்துபோன குர்ஆன் பிரதிகளை நீரில் விடும் வழக்கம் நம்மிடையே உண்டல்லவா, அதைச் சொல்லித் தம் மனத்தைத் தேற்றிக்கொண்டார்கள் போலும். நன்னி தஸ்பீஹை உருட்டியபடி அமர்ந்திருந்தார்கள். ஒரு சொல் பேசவில்லை.

எங்கள் வீட்டைச் சோதனையிட ஒருவரும் வரவில்லை. எந்த நூலுக்கும் எவரும் தடை போடவில்லை. அத்தாவே தமக்குத் தணிக்கை அதிகாரியாகிப் போனார்கள். வீண் பயத்தால் ஒரு செல்வத்தை அழித்துவிட்டார்களே என்று நெடுங்காலம் உள்ளுக்குள் கோபம் கொண்டிருந்தேன். கடலுக்கு அப்பால் நடந்த ஒரு செய்தி அக்கோபத்தைத் தணித்தது.

இலங்கையின் மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்தவர் அஹ்னாஃப் ஜஸீம், தமிழாசிரியர், கவிஞர். அம்மாவட்டத்து முஸ்லிம்கள் 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் ஊரைவிட்டே துரத்தப்பட்டவர்கள். தமிழ் பேசியும் தமிழராகக் கொள்ளப்படாது, தனி இனமாக எண்ணப்படும் அம்மக்களின் பிள்ளை, 2017இல் ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டார். 2020 மே 16ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். அந்நூல் தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்பது குற்றச்சாட்டு. விசாரித்தவர்களின் துறையில் வழங்கும் மொழி சிங்களம். நூலின் மொழி தமிழ். தமிழில் அதைப் படித்த அறிஞர்களோ, அக்கவிதைகள் வன்முறையைக் கண்டிக்கின்றன என்று எடுத்துரைத்தனர். எனினும் ஏறத்தாழ 19 மாதங்கள் அவர் சிறைப்பட்டிருந்தார். அதற்குப் பயன்பட்ட பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் 1979இல் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற பெயருடன் வந்தது. அவரைப் பிடித்தபோது அந்தத் தற்காலிகத்துக்கு வயது 40! 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

அத்தா கேட்ட கேள்வி எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

2019 ஏப்ரல் 21இல், ஈஸ்டர் நாளில், தேவாலயங்களில் தொழுதுகொண்டிருந்தோரை நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக் கொன்றவர்களின் பாவம் மலையளவு பெரியது. அதை மறைத்துவிட்டு எழுத நான் துணியேன். ஆனால் அதற்கான விலை யாரிடமெல்லாம் வசூலிக்கப்பட்டது தெரியுமா? அடுத்த மாதமே ஹசலக என்ற ஊரில் ஒரு முஸ்லிம் பெண், தாம் அணிந்திருந்த உடையிலிருந்த படத்துக்காகக் கைது செய்யப்பட்டார். பௌத்தரின் தர்மச் சக்கரத்தை அவமதித்தாராம். அது கப்பலின் சுக்கான் சக்கரம்! நம் இராயபுரத்துச் சிறுபிள்ளையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். அவர் சிறையில் வாடிய பிறகு, 2023இல்தான் அவருடைய உரிமை மீறப்பட்டதென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்மீது முதலில் பாய்ந்த சட்டமோ, குடியியல் உரிமைகளைக் காப்பதற்கென்று 2007இல் இயற்றப்பட்டது. சமய, இனப் பகைமையைத் தூண்டுவோரைத் தண்டிக்கும் பிரிவு அதில் உண்டு. சிறுபான்மையினருக்குக் கேடயமாகும் என்று நம்பிய பிரிவு சிறுபான்மைப் பெண்ணையே சிறையில் அடைத்தது.

2021 மார்ச்சில் மற்றோர் உத்தரவு வந்தது. இறக்குமதியாகும் இஸ்லாமிய நூல்களைப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி பெற்றே சுங்கத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது அது. அத்தா உயிரோடு இருந்திருந்தால், மூட்டைகளை எண்ணிப் பழகிய அந்தக் கை நடுங்கியிருக்கும்.

சகோதரிகளே, பிறர் குறையை மட்டும் சொல்லிச் செல்வது நேர்மையாகாது. 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ திரைப்படம் நம்மைத் தீவிரவாதிகளாகக் காட்டுகிறது என்று நம் அமைப்புகள் குரல் எழுப்பின. எங்கள் தெருவில் கையெழுத்துத் திரட்டினார்கள், நானும் போட்டேன். தமிழக அரசு மாவட்ட ஆட்சியர்கள் மூலம் 144 தடையுத்தரவு போட்டது. பின்னர் பேச்சு நடந்து, சில இடங்கள் திருத்தப்பட்டு, பிப்ரவரி 7 அன்று படம் வெளியாயிற்று. கையெழுத்திட்டபோது நான் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. ‘நவரசம்’ வழக்கைப் படித்த இரவில் இதுவே என்னை உறுத்தியது. திரையில் மீண்டும் மீண்டும் நம்மைக் கொலைகாரர்களாகக் காட்டும்போது நெஞ்சு புண்படுவது பொய்யன்று. அந்தப் புண்ணை நான் எழுதியிருக்கலாம், எழுதத் தெரியும். அதை விட்டுவிட்டு, எதைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது என்று தீர்மானிக்கும் கோலை எடுத்து ஆட்சியாளர் கையில் கொடுத்தேன். நாளை அதே கோல் என் மகளின் நோட்டுப் புத்தகத்தை நோக்கி நீளாது என்று எனக்கு யார் உறுதி தந்தார்கள்? அவளும் கவிதை எழுதுகிறாள்.

நம் அரசியல் சாசனத்தின் 29ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். தனக்கென்று மொழியோ எழுத்தோ பண்பாடோ உடைய எந்தப் பிரிவு மக்களுக்கும் அதைப் பேணிக்காக்கும் உரிமை உண்டு என்கிறது. ‘எழுத்து’ என்று தனியே குறித்திருக்கிறார்கள்! 1998இல் அத்தாவுக்கு இது தெரிந்திருந்தாலும் சைக்கிளை எடுத்திருப்பார்களோ என்னவோ. சாசனம் புத்தகத்தில் இருக்கிறது. பயம் தெருவில் இருக்கிறது.

அந்தப் பதினேழாவது கிதாபைப் பற்றிச் சொல்ல மறந்தேன். 2004இல் நன்னி மௌத்தானபோது, ஹஜ்ஜிலிருந்து கொண்டுவந்து அவர்கள் பத்திரப்படுத்தியிருந்த கபன் துணியை எடுக்கப் பெட்டியைத் திறந்தோம். துணி மடிப்புக்குள் ‘மகானி’ இருந்தது. அத்தா அதைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார்கள். வாழ்நாளெல்லாம் மூட்டை எண்ணியவர்கள். அன்று சாக்கில் போட்டது பதினாறுதான் என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

சென்ற ரமலானில் அதை என் மகளிடம் கொடுத்தேன். குர்ஆன் ஓதும் வழக்கத்தில் எழுத்துக் கூட்டி ஓதத் தொடங்கினாள். இரண்டு வரி சென்றதும் நிறுத்தி என்னை ஏறிட்டுப் பார்த்தாள். “அம்மா, இது புரியுதே!” என்றாள்.